நடத்துனரிடம் என்ன பெயர் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் கொல்கத்தா பற்றி வந்த கட்டுரையை என் மனைவி வாசிக்க, நான் கேட்டேன். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. விக்டோரியா மண்டபம், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் அக்கறையாக எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் மட்டும், மொழி தெரியாதவர்களும் வயதானவர்களும் பஸ், டிராம் பக்கம் போகாமல் முழு நாளுக்கும் கார் பேசிக்கொள்வதே நல்லது என்று முடித்திருந்தார். என் மனைவி பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "இதுக்கு நீங்க பதில் எழுதியே ஆகணும்" என்றாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

எனக்கு அறுபத்தாறு வயது. அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் நாகர்கோவில் - கன்னியாகுமரி டவுன் சர்வீஸ். கோட்டாறு, சுசீந்திரம், வழுக்கம்பாறை, கொட்டாரம், கன்னியாகுமரி என்று அந்த வழியின் ஸ்டேஜ்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விவேகானந்தர் பாறையைப் பார்க்க வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அந்த வண்டியில் நிறைய ஏறுவார்கள். மப்ளரும் குரங்குக் குல்லாயும் போட்ட தாத்தாக்கள், சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டிய பாட்டிகள். டிக்கெட் வாங்கிய பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து நிற்பார்கள். "கன்னியாகுமாரி?" என்று கேட்பார்கள். சுசீந்திரத்தில் எழுவார்கள், கொட்டாரத்தில் எழுவார்கள். "உட்காருங்க, உட்காருங்க" என்று கையால் அமர்த்திவிட்டுப் போவேன். கடைசி நிறுத்தம் என்று முதலிலேயே சொல்லியாயிற்றே, பிறகும் ஏன் எழுகிறார்கள் என்று சலிப்பாகக்கூட இருக்கும். அதன் காரணம் 2025 ஜனவரியில், கொல்கத்தாவில் ஒரு தனியார் பஸ்ஸின் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானே நாலு தடவை எழுந்து நின்றபோதுதான் புரிந்தது.

நாங்களும் முதலில் கார்தான் பேசியிருந்தோம். இங்கே ஒரு டிராவல்ஸ்காரர் ஐந்து நாளுக்குப் பதினாலாயிரம் என்று சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து ஹவுரா மெயில். வண்டி தாமதமாகி, காலை எட்டு மணிக்குத்தான் ஹவுராவில் இறங்கினோம். கொடுத்த நம்பருக்கு அடித்தால் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். என் மனைவிக்கு வலது மூட்டு வலி உண்டு. வெளியே மஞ்சள் டாக்ஸிக்கு நீளமான வரிசை. அப்போது ஒரு ரயில்வே போர்ட்டர் எங்கள் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "மெட்ரோ, மெட்ரோ" என்று தரையைக் காட்டினார். எங்களைச் சுமக்கச் சொல்லியோ காசு கேட்டோ அவர் வரவில்லை. வழி மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டரும் லிப்டும் உண்டு, மூட்டு வலிக்காரருக்குப் பயமில்லை. அங்கிருந்து ரயில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது. நம் நாட்டில் ஆற்றுக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோ இதுதான். 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆற்றின் அடியில் 520 மீட்டர். அந்த இடம் வந்ததும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரியும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: முக்கால் நிமிடம். என் மனைவி அந்த முக்கால் நிமிடமும் என் சட்டைக் கையை விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் அதைப் பார்த்துச் சிரித்து, மேலே விரலைக் காட்டி, "கங்கா" என்றாள். அவர்களுக்கு ஹூக்ளியும் கங்கைதான். இவள் உடனே கையை விட்டுவிட்டுக் கும்பிட்டாள். இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் இருபது ரூபாய்க்குள்.

எஸ்பிளனேடில் இறங்கி, தெற்கே போகும் வேறு மெட்ரோவுக்கு மாறினோம். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று ஓடியது இந்த எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையிலான 3.4 கிலோமீட்டரில்தான். பவானிப்பூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். அதற்கும் இரண்டு நிலையம் தள்ளி காளிகாட்டில் இறங்கி லாட்ஜுக்கு நடந்தே போனோம். அங்கிருந்து லேக் மார்க்கெட் பக்கம்தான். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் வட்டாரம் அது. வாழை இலையும் தேங்காயும் முருங்கைக்காயும் விற்கிறார்கள். மாலையில் ஃபில்டர் காபி குடித்த பிறகு என் மனைவி, "இனி அந்தக் காரே வந்தாலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மறுநாளே வழி தவறினோம். அந்தத் தவறிலிருந்துதான் தங்கள் கட்டுரையில் என்ன விட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

ரவீந்திரநாத் தாகூர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பள்ளிக்கூடத்தில் படித்தது அவளுக்கு இன்னும் மனப்பாடம். தெருமுனையில் பஸ் நின்றது. நம்பர் வங்காள எழுத்தில் இருந்தது. இதைக் கட்டாயம் எழுத வேண்டும்: அங்கே பல தனியார் பஸ்களில் எண்களையும் வங்காளத்திலேயே எழுதுகிறார்கள். நமக்கு 8 மாதிரித் தெரிவது அங்கே 4. 9 மாதிரித் தெரிவது 7. டிக்கெட்டையும் நம்பரையும் வைத்தே வாழ்ந்த எனக்கு அது கண்ணைக் கட்டியது போல இருந்தது. ஆகவே வாயால் கேட்டேன்: "ரவீந்திரநாத்?" நடத்துனர் "ரொபீந்த்ரோ... ஹான், ஹான்" என்று ஏற்றிக்கொண்டார். இறக்கிவிட்ட இடம் ரவீந்திர சதன். அது நாடகமும் கச்சேரியும் நடக்கும் அரங்கம். ரவீந்திர சரோபர் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, அது ஏரி. நாங்கள் தேடிய வீடு இரண்டும் இல்லை. நடைபாதைத் தேநீர்க் கடைக்காரர் விஷயம் புரிந்து நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஜொராஷாங்கோ! டாகுர்பாரி!" என்றார். ஜொராஷாங்கோ அந்தப் பேட்டையின் பெயர், டாகுர்பாரி என்றால் தாகூர் வீடு. மண் கோப்பையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி வங்காளத்தில் எழுதியும் தந்தார். மெட்ரோவில் வடக்கே ஏழாவது நிலையம், கிரீஷ் பார்க். அங்கே இறங்கி "டாகுர்பாரி" என்று கேட்டோம். ரிக்‌ஷாக்காரர், போலீஸ்காரர், பள்ளிச் சிறுவன், யாரைக் கேட்டாலும் கை ஒரே திசையைக் காட்டியது.

அன்றிலிருந்து, புத்தகத்தில் இருக்கும் பெயரை நோட்டில் ஒரு பக்கமும், நடத்துனருக்குத் தெரிந்த பெயரை மறுபக்கமும் எழுதத் தொடங்கினேன். எஸ்பிளனேடு என்றால் பஸ்காரர் ஒரு கணம் யோசிப்பார். "தர்மதலா" என்றால் உடனே தலையை ஆட்டுவார். வரைபடத்தில் பி.பி.டி. பாக் என்று இருக்கிறது, வாயில் இன்னமும் "டல்ஹௌசி"தான். அதே இடத்துக்கு மெட்ரோவில் பெயர் மகாகரண். பார்க் ஸ்ட்ரீட்டுக்கு மதர் தெரசா சரணி என்று பெயர் மாற்றி வருடக்கணக்காகிறது. அப்படிச் சொல்லி வண்டி ஏறுகிறவரை நான் பார்க்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் போர்டில் இருப்பது கிறிஸ்டோபர் பேருந்து நிலையம். வடசேரி பஸ் ஸ்டாண்டு என்று சொல்லாமல் கிறிஸ்டோபர் என்று கேட்டால் எங்கள் பையன்களே விழிப்பார்கள். வெளியூர்க்காரர் கையில் இருப்பது போர்டுப் பெயர். வண்டியில் ஓடுவது வாய்ப் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர்கள் தொலைந்துபோகிறார்கள், மொழி தெரியாததால் அல்ல.

இனி நடத்துனர்கள். தொழில்காரன் என்பதால் நான் ஊரைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். விசில் கிடையாது. வண்டியின் தகரத்தை உள்ளங்கையால் தட்டுகிறார்கள். நிறுத்த வேண்டுமென்றால் "ரோக்கே" என்று ஒரு குரல். பெண்கள் இறங்கும்போது "ஆஸ்தே, லேடீஸ்!" என்பார்கள். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று ஓட்டுநருக்குச் சொல்வது. முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன அத்தனை "ரைட்"டையும் அந்த ஒரு குரலுக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். என் மனைவி மூட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது ஒரு நடத்துனர் "ஆஸ்தே, மாஷிமா, ஆஸ்தே" என்று படியிலேயே நின்றுகொண்டார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்ததைக் கண்டுகொள்ளவில்லை. மாஷிமா என்றால் சித்தி. டிக்கெட் என்பது மெல்லிய கலர்த் தாளில் நீளமாக அடித்த கட்டு. அதைக் கட்டைவிரலால் கிர்ரென்று உருவிச் சத்தம் எழுப்புவார்கள், டிக்கெட் எடுங்கள் என்று அதற்கு அர்த்தம். நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் வைப்பது மட்டும் அப்படியே நம்மைப்போல. அதைப் பார்த்து நானும் என் இடது கையை அப்படி மடக்கிக் காட்டினேன். அந்த இளைஞருக்குப் புரிந்துவிட்டது. "கண்டக்டர்?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பேச எங்களுக்குப் பொதுவாக நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்ததைக் கவனித்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து மூன்று விரல் காட்டினார். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. ஒரு விரல் காட்டியதும் எழுந்தேன், தர்மதலா வந்தது.

எங்கள் வண்டியில் எழுந்து நின்ற அந்த வங்காளத் தாத்தாக்களுக்கு நான் ஒரு நாளும் விரல் காட்டியதில்லை. அதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன்.

தனியார் பஸ்களில் ஓட்டுநருக்கும் நடத்துனருக்கும் வசூலில் கமிஷன்தான் கூலி என்று சொன்னார்கள். அதனால் ஒரே வழியில் இரண்டு வண்டி சேர்ந்துவிட்டால் ஓட்டப்பந்தயம்தான். அப்போது படியில் நிற்காதீர்கள். அந்தப் பந்தயம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இளைஞர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அப்படிக் கூலி கொடுத்தால் யாரும் அப்படித்தான் ஓட்டுவார்கள்.

டிராம் பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. அது போதாது. இந்தியாவில் டிராம் ஓடுவது இப்போது கொல்கத்தாவில் மட்டும்தான். 1873-ல் குதிரை இழுத்தது, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. நம் சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் வந்து 1953-ல் நின்றுபோனது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்த கதை. கொல்கத்தாவிலும் ஒரு சிறிய துண்டைப் பாரம்பரியத்துக்காக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024-ல் அரசு அறிவித்தது, வழக்கும் நடக்கிறது. நாங்கள் போனபோது எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜாருக்கு 5-ம் நம்பர் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பர் நமக்குத் தெரியும் எழுத்திலேயே இருந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் வழியாகப் போகிறது. இரண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள், ஜன்னலிலிருந்து கை நீட்டினால் புத்தகம் கைக்கு வரும் போல அவ்வளவு கிட்டத்தில். மர இருக்கை, மெதுவான ஆட்டம். கூரை ஓரமாக ஒரு கயிறு போகிறது. நடத்துனர் அதை இழுத்தால் ஓட்டுநர் பக்கம் 'டிங்' என்று மணி அடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பழைய வண்டிகளிலும் இதே கயிறு, இதே மணி. பிறகு விசில் வந்தது. முப்பது வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் வலது கை தானாக மேலே போனது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஷியாம்பஜார் வந்ததும் இறங்க மனமில்லாமல் அதே டிராமில் திரும்பி வந்தோம். கொல்கத்தா போகிற தமிழர்கள் யாராயிருந்தாலும் வேறு எதை விட்டாலும் இதை விடாமல் ஏறிவிட வேண்டும். ஏறுகிற ஆள் இருந்தால்தான் நிறுத்தாதே என்று கேட்பவர்களுக்கும் பலம்.

தட்சிணேஸ்வரம் போகக் காளிகாட்டிலிருந்து ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்லை. ஒருவருக்கு இருபத்தைந்து ரூபாயைத் தாண்டாது. நிலையத்திலிருந்து கோயில் வாசல்வரை மேம்பால நடைபாதை போட்டிருக்கிறார்கள். ராணி ராஷ்மோனி கட்டிய, ராமகிருஷ்ணர் பூசை செய்த காளி கோயில். அதன் படித்துறையிலிருந்தே பேலூர் மடத்துக்குப் படகு. கட்டுரையாளர் இதைச் சொல்லாமல் காரில் பாலம் சுற்றிப் போகச் சொல்கிறார். எங்களுக்கு அந்தப் படகு பெரிய விஷயம். விவேகானந்தர் 1892-ல் வந்த பாறைக்கு எங்கள் ஊரிலிருந்து படகில் போகிறோம். அவர் 1902-ல் உயிர் துறந்த மடத்துக்கும் படகில் போய் இறங்கினோம். என் மனைவி ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்: மடம் மதிய வேளையில் மூடிவிடும், மாலை நாலு மணி சுமாருக்குத்தான் திறப்பார்கள். தெரியாமல் போய் மர நிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

வயதானவர்கள் காலை ஒன்பது முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்தரை முதல் எட்டு வரையும் மெட்ரோவைத் தவிர்த்துவிடுங்கள். அது ஆபீஸ் கூட்டம், கதவுக்குள் கால் வைக்க முடியாது. மற்ற நேரத்தில் மூத்த குடிமக்களுக்கும் பெண்களுக்கும் தனி இருக்கை உண்டு, கேட்டால் எழுந்து கொடுக்கிறார்கள். கேட்காமலும் கொடுத்தார்கள். சில்லறை பத்து, இருபதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் எந்த ஊர் நடத்துனருக்கும் முகம் மாறும்.

ஐந்து நாளில் மெட்ரோ, பஸ், டிராம், படகு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் ஆனது. நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. டிராவல்ஸ்காரரிடம் போன முன்பணம் இன்னும் வரவில்லை. அது எங்கள் பாடு. ஆனால் எங்களைவிடக் கையில் காசு குறைந்தவர்கள், கார் வைக்க வேண்டும் என்றதைப் படித்துவிட்டு, நமக்கு இதெல்லாம் ஆகாது என்று ஊரிலேயே இருந்துவிடுவார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் கடைசியில் ஒரு சிறு கட்டம் கட்டி, இந்த இடத்துக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், எந்தத் துறையில் படகு ஏற வேண்டும், நடத்துனரிடம் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று போடுங்கள். பெயரை அந்த ஊர்க்காரர் உச்சரிக்கிறபடியே தமிழில் போடுங்கள். கட்டுரையாளர் அந்த ஊர் டீக்கடையில் ஒரு தடவை கேட்டாலே கிடைத்துவிடும். கொல்கத்தாவுக்கான பட்டியல் என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. நாங்கள் போனபோது எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவே மெட்ரோ இணையவில்லை, 2025 ஆகஸ்டில் இணைந்துவிட்டது. அதையும் திருத்தி வைத்திருக்கிறேன். தாங்கள் வெளியிடுவதாக இருந்தால் மறு தபாலில் அனுப்புகிறேன்.

கன்னியாகுமரிக்கும் அப்படி ஒரு கட்டம் போடுங்கள், வங்காளத்திலும் இந்தியிலும் சேர்த்து. சீசன் தொடங்கப்போகிறது. வடசேரியில் அவர்கள் வண்டிக்கு நிற்கும் இடத்தில் ஒட்டி வைக்க நானே கோந்தும் தாளும் கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர்,
நாகர்கோவில்.